தோட்டத்து ஷெட்டும் பதினைந்தாவது வரியும்

திங்கட்கிழமை முதல் உங்கள் மூவர் கையிலும் ஒரு படிவம் இருக்கும். வேலை முடிந்த இடத்தில் சப்ளை கொடுப்பதற்கு முன் நிரப்ப வேண்டிய சோதனைப் படிவம் அது. பதினான்கு வரிகள் அச்சில் இருக்கின்றன. அவற்றை எழுதியவள் நான். பதினைந்தாவது வரி மட்டும் கையெழுத்தில் இருக்கிறது. நகலுக்கு நகல் எடுத்து எழுத்துகள் தடித்துப்போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்: "ஈரத்துணி. வெறுங்கால். சாயங்காலம் நாலு மணி."

நேற்று உங்களில் ஒருவர் "இதென்ன மேடம், கவிதையா?" என்று கேட்டார். மற்ற இருவரும் சிரித்தீர்கள். நானும்தான் சிரித்தேன். வாயால் சொல்லத் தொடங்கினால் தேநீர் இடைவேளை போதாது என்பதால் எழுதித் தருகிறேன். நான் வரைபடப் பிரிவுக்கு மாறுகிறேன். ஏணி, ஹெல்மெட், டெஸ்ட் லேம்ப் எல்லாம் இனி உங்களுடையவை. கூடவே இந்த வரியும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளமோ முடித்து இந்த அலுவலகத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சைட்டுக்குப் போகும் பெண் நான் ஒருத்திதான். யாரையும் அதட்டத் தெரியாது. கேலிக்குப் பதில் கேலி செய்யவும் வராது. எனக்கு வந்ததெல்லாம் பட்டியல் போடுவது. எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அப்புறம் பார்க்க வேண்டும் என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போவேன். சைட்டில் எனக்கு ‘லிஸ்ட் மேடம்’ என்று பெயர். வைத்தவர் எங்கள் வயர்மேன் ரவி. என்னைவிட நான்கு வயது பெரியவர், கை வேகமானவர், வாய் அதைவிட வேகம்.

வேலம்பாளையத்தைத் தாண்டி, காலனி வீடுகள் முடிந்து தோட்டங்கள் ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு சின்ன வேலை வந்தது. பழனிச்சாமி என்பவருடைய வீடு. வீட்டுக்குப் பின்னால் நான்கைந்து தென்னை, ஒரு கொய்யா, நடுவில் மல்லிகைப் பாத்தி. தோட்டத்தின் கடைசியில் தகரக் கூரை போட்ட ஷெட். அதுவரை மாட்டுத்தீவனம் அடுக்கியிருந்த அந்த ஷெட்டை எஸ்தர் என்கிற அக்கா வாடகைக்கு எடுத்திருந்தார்.

எஸ்தர் அக்கா தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகித் திருப்பூர் வந்து, பத்து வருடம் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் தைத்தவர். முதல் தடவையாகச் சொந்தமாக நான்கு மெஷின் போட்டு, கூட மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு கம்பெனியிடமிருந்து குழந்தைகள் டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கும் ஆர்டர் வாங்கியிருந்தார். சொன்ன நாளில் கொடுத்தால் வாரா வாரம் வேலை வரும். ஒரு நாள் தவறினாலும் மெஷின்களைத் துணி போட்டு மூடிவிட்டு, நான்கு பேரும் பழையபடி ஷிப்டுக்குப் போக வேண்டியதுதான். முதல் நாளே இதை என்னிடம் சொன்னார். புலம்பலாக இல்லை, அளவு சொல்வதுபோலச் சொன்னார்.

ஷெட்டுக்கான தனி மீட்டரை வீட்டின் முன்சுவரில் வைத்தார்கள். அங்கிருந்து தோட்டத்தைக் கடந்து ஷெட் வரை லைன் கொண்டுபோவது எங்கள் வேலை. கேபிளை மண்ணுக்கடியில் புதைத்துக் கொண்டுபோவதாகத்தான் என் முதல் தாளில் எழுதியிருந்தேன். பழனிச்சாமி அதைக் கேட்டதும் பாத்தியருகே போய் நின்றுகொண்டார்.

"ஏனுங்க அம்மணி, இதுக்குள்ள குழி வெட்டோணுமா? போன வருசந்தான் எங்கூட்டுக்காரி நட்டது. இப்பத்தான் பூக்குது. மேலாப்புல கம்பியக் கட்டி இழுத்துப் போடுங்க. ஊரே அப்படித்தான இழுத்திருக்குது?"

ஊரே அப்படித்தான் இழுத்திருந்தது. வீட்டுச் சுவரிலிருந்து ஷெட்டுக்கு ஒரு இரும்புக்கம்பியை இழுத்துக் கட்டி, அதன் அடியில் கேபிளைத் தொங்கவிட்டு, இரண்டடிக்கு ஒன்றாகக் கட்டுக்கம்பியால் முடிச்சுப் போடுவது. ரவி அரை நாளில் முடித்துவிடலாம் என்றார். நான் "சரிங்க" என்றேன். அதுதான் என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு, ஈ.எல்.சி.பி. வைக்காமல் விட்டது. கரண்ட் கசிந்தால் தானே விழுந்து சப்ளையை நிறுத்தும் அந்தப் பெட்டியை நானே எழுதியிருந்தேன். "அது தொட்டதுக்கெல்லாம் விழும் மேடம். டெலிவரி நாள்ல விழுந்துட்டே இருந்தா அக்கா நம்மளத்தான் திட்டும்" என்று ரவி சொன்னார். இவ்வளவு சின்ன லோடுக்கு விதி அதைக் கட்டாயமாக்கவில்லை என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு அந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன்.

மூன்றாவதைத் தப்பு என்றுகூட யாரும் சொல்லமாட்டார்கள். கம்பியின் உயரத்தை ஆள் நடக்கும் பாதையில் அளந்தேன், போதுமான உயரம். ஷெட் பக்கத்தில் கூரை தாழ்வு என்பதால் கம்பி இறங்கிவந்து, கையை உயர்த்தினால் எட்டும் அளவில் முடிந்தது. அங்கே பாதை இல்லை, ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும் இருந்தது. ‘ஆள் நடமாட்டம் இல்லை’ என்று எழுதிக்கொண்டேன்.

பதினான்கு வரிகளுக்கும் டிக் விழுந்தது. எஸ்தர் அக்கா மெஷினுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். நான் தாளை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்து போடுங்கக்கா" என்றேன். படிக்காமலே போட்டார். படிக்க நேரம் கொடுக்காதவள் நான்.

மூன்றாம் நாள் காலையில் அலுவலகப் புகார் நோட்டில் ஒரு வரி இருந்தது: ‘வேலம்பாளையம் ஷெட், லேசான ஷாக், பார்க்கவும்.’ எஸ்தர் அக்கா பூத்திலிருந்து போன் செய்திருக்கிறார். அன்றைக்கு எங்களுக்கு வேறு பெரிய வேலை இருந்தது. ஒரு சாயப்பட்டறையில் புதிய பேனலுக்குச் சப்ளை கொடுக்க வேண்டும். அவர்கள் ஆட்களை நிறுத்திவைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். போகும் வழியில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் ரவியும் கிளம்பினோம். போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில்.

நான்கு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. பெண்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். எஸ்தர் அக்கா என்னை வெளியே கூட்டிவந்து, குழாய்க்கு மேலே இருந்த கம்பியைக் காட்டினார்.

"இதாம்மா. இதுல கைய வச்சா சுர்ருங்குது. நேத்தைக்கு முழங்கை வரைக்கும் ஏறிச்சு."

கையில் கொண்டுபோன அளவு மீட்டரைக் கம்பியில் வைத்தேன். ஒன்றும் இல்லை. நான்கு இடத்தில் வைத்தேன், எங்கும் இல்லை. ரவி டெஸ்டரை வைத்தார், அதுவும் எரியவில்லை. நான் தடுப்பதற்குள் அவர் எட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதுபோல நின்றார்.

"பாருங்கக்கா, நானே புடிச்சிருக்கேன். உசுரோடதான இருக்கேன்? உங்களுக்குச் சக்கரை இருக்கான்னு டாக்டரப் பாருங்க. சக்கரை இருந்தாத்தான் கை இப்படிச் சுர்ருங்கும்."

"எனக்குச் சக்கரையும் இல்ல, உப்பும் இல்ல தம்பி. நீங்க ரப்பர் பூட்ஸு போட்டுட்டு நிக்கிதீக. நான் என்னத்தப் போட்டுருக்கேன்?"

எல்லோரும் அவர் காலைப் பார்த்தோம். வெறும் கால்.

பழனிச்சாமியும் வந்து சேர்ந்திருந்தார். "ஈரக்கையோட எதத் தொட்டாலும் அப்படித்தானுங்க இருக்கும். எங்கூட்ல ப்ரிட்ஜே எப்பவாச்சும் சுண்டும்" என்றார்.

என்னிடம் இருந்தது அலுவலகத்தின் ஒரே செல்போன். வெளியே போகிறவரிடம் அதைக் கொடுத்தனுப்புவார்கள். முதலாளி இரண்டாவது முறையாகக் கூப்பிட்டார். "எங்கம்மா இருக்கே? பட்டறைல கத்தறாங்க." பத்து நிமிடத்தில் கிளம்புகிறேன் என்றேன்.

அந்தப் பத்து நிமிடம் எப்படிப் போயிற்று என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கையோடு கொண்டுவந்திருந்த புகார் நோட்டைத் திறந்து ‘சோதித்தேன், கோளாறு இல்லை’ என்று எழுதப் பேனாவையும் எடுத்துவிட்டேன். எழுதியிருந்தால் அது பொய்யும் இல்லை. மீட்டர் சொன்னது, டெஸ்டர் சொன்னது, ஒரு ஆள் பிடித்துக் காட்டியதும் ஆயிற்று. என் படிவத்தில் பதினான்கு டிக் ஏற்கெனவே இருந்தது. எதிர்ப்பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு பெண்ணின் முழங்கை.

கடைசியாக, பேச்சுக்குத்தான் கேட்டேன். "மத்தவங்களுக்கும் சுர்ருங்குதாக்கா?"

"மத்தவளுகள நான் கிட்ட விடலியே. மூணு நாளா நாந்தான் துணியப் போடுதேன், நாந்தான் எடுக்கேன். உள்ள இருக்கவ ஒருத்தி அஞ்சு மாசம். அவள எப்படி விடுதது?"

பேனாவை மூடினேன். நாளை மறுநாள் டெலிவரி. இந்த லைனில் கோளாறு என்று நான் சொன்னால், முதலில் நிற்பது அவருடைய மெஷின்கள்தான். புகார் சரியென்று ஆனால் அதிகம் இழக்கப்போகிறவர் அவர். தெரிந்தும் போன் செய்திருக்கிறார். அதற்கு நடுவில் கையெரிச்சலைத் தன்மேலேயே வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். கற்பனைக்காக யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அவர் சொன்ன இன்னொரு சொல் என் காதில் ஏறியது. "துணியா? இதுல துணியா போடறீங்க?"

"பின்ன? கம்பிதான இருக்கு."

நீங்கள் இந்த ஊரில் வளர்ந்தவர்களாக இருந்தால் இதைச் சொல்லவே தேவையில்லை. தைக்கும்போது மெஷினிலிருந்து சில பீஸ்களில் ஆயில் சொட்டிவிடும். கறைபட்ட பீஸ்களைத் தனியே போட்டுவைத்து, சாயங்காலம் டீ முடிந்ததும் மொத்தமாக அலசிக் காயப்போடுவார்கள். காலையில் அவை செக்கிங்குக்குத் தயாராக இருக்கும். அலசுவதற்குக் குழாய் வேண்டும். காயப்போட, குழாய்க்குப் பக்கத்தில் எட்டுகிற உயரத்தில் ஒரு கம்பி வேண்டும். இரண்டையும் நான்தான் அமைத்துக் கொடுத்திருந்தேன்.

"எத்தனை மணிக்குக்கா?"

"நாலு மணிக்கு. நான் போன்லயே சொன்னேனே, சாயங்காலம் வாங்கன்னு. எழுதிக்கிடலியா?"

எழுதிக்கொள்ளவில்லை. நோட்டில் நேரம் எழுத ஒரு கட்டமே இல்லை.

முதலாளிக்கு நானே போன் செய்தேன். நாலரை வரை இங்கே இருக்கப்போகிறேன் என்றேன். அவர் சத்தம் செல்போனைத் தாண்டி ரவிக்கும் கேட்டது. "மீட்டர்ல வருதா?" என்று கேட்டார். "இல்லீங்க சார்." "அப்புறம் எதுக்கும்மா?" "அவங்க சொல்றது உண்மைன்னு தோணுது சார்" என்றேன். அவர் "சரி இரு. பட்டறைக்கு நான் போறேன்" என்று வைத்துவிட்டார். அந்தச் ‘சரி இரு’ என்ற இரண்டு சொற்களுக்காக நான் இன்றைக்கும் அவருக்கு நன்றியுடையவள். எட்டு மாத அனுபவமுள்ள பெண் ‘தோணுது’ என்று சொன்னதை நம்பி, அறுபது பேர் காத்திருக்கும் இடத்துக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே போனார்.

நாலு மணிக்கு டீ வந்தது. பழனிச்சாமியின் வீட்டம்மா எங்களுக்கும் சேர்த்துக் கொண்டுவந்தார். டீ முடிந்ததும் மெயினை நானே இறக்கினேன். லைன் செத்திருக்கிறது என்று சோதித்த பிறகுதான் துணி போடச் சொன்னேன். எஸ்தர் அக்கா கறை அலசிய டி-ஷர்ட்டுகளை ஒவ்வொன்றாக உதறிக் கம்பியில் போட்டார். முப்பதுக்கும் மேல் இருக்கும். பருத்தித் துணி தண்ணீர் குடித்தால் என்ன கனம் கனக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மதியம் விறைப்பாக நின்ற கம்பி ஒரு முழம் தொய்ந்தது.

எல்லோரையும் வாசல் பக்கம் தள்ளி நிறுத்தினேன். ஒரு பல்பின் ஒரு வயரைக் கம்பியில் மாட்டி, இன்னொன்றை எர்த்தில் மாட்டினேன். மீட்டர் சில நேரம் இல்லாததைக் காட்டும். பல்புக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பிறகு போய் மெயினைப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

பல்பு எரியவில்லை. ரவி என்னைப் பார்த்தார். நான் யாரையும் பார்க்கவில்லை.

தென்னை மட்டைகள் சலசலத்தன. காற்று வந்தது. துணிகள் அத்தனையும் ஒரே பக்கமாக ஊஞ்சலாடின. பல்பின் இழை செம்மண் நிறத்தில் கண் விழித்து, மறுபடி மூடிக்கொண்டது. அடுத்த காற்றுக்குப் பட்டென்று முழு வெளிச்சமும் வந்தது. வெயில் இருக்கும்போதே, குழந்தைகளின் ஈரச் சட்டைகளுக்கு நடுவில், வீட்டில் எரிவதுபோல எரிந்தது.

யாரோ "ஏசப்பா" என்றார்கள். ஓடிப்போய் மெயினை இறக்கினேன்.

கோளாறைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்தான் ஆனது. ஷெட் பக்கமிருந்து மூன்றாவது முடிச்சில் கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டியதில் கேபிளின் தோல் நகக்கண் அளவுக்கு அறுந்திருந்தது. கம்பி விறைப்பாக இருக்கும்போது உள்ளே இருக்கும் செம்பு கட்டுக்கம்பியைத் தொடாது. ஈரத்துணியின் கனத்தில் தொய்ந்தால் தொடத் தொடங்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. முதல் நாள் விரல் நுனி, நேற்று முழங்கை. இன்றைக்கு நாலு மணிக்கு அவர் ஈரமண்ணில் வெறுங்காலோடு நின்று அந்தத் துணியைப் போட்டிருந்தால் எதுவரை போயிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ரவி தென்னையடியில் உட்கார்ந்துவிட்டார். மதியம் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கிய கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிச்சைக் கட்டியது அவர் கை. பார்த்துச் சரியென்று கையெழுத்துப் போட்டது என் கை. இன்றைக்கு அலுவலகத்தில் ஒவ்வொரு முடிச்சையும் விரலால் தடவிப் பார்க்கிற ஒரே வயர்மேன் அவர்தான். நீங்கள் அவரைக் கிண்டல் செய்வதை நானும் கேட்டிருக்கிறேன்.

எஸ்தர் அக்கா சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கம்பியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ஓடாமல் நின்ற நான்கு மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி எப்பம்மா கரண்டு வரும்?"

"இந்த லைனை நான் திரும்பக் கொடுக்கமாட்டேன்க்கா."

அதுவரை நான் யாரிடமும் ‘மாட்டேன்’ என்று சொன்னதில்லை. முடிச்சின்மேல் டேப்பைச் சுற்றி, துணி போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் ஓட்டியிருக்கலாம். ரவியே மெதுவாக அதைச் சொன்னார். கம்பி இருக்கும்வரை துணி விழும் என்பதை அதற்குள் நான் தெரிந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் பழனிச்சாமி பேசினார். அவருக்கு வந்தது கோபம்.

"ஏம்மணி, அன்னிக்கே பாத்திய வெட்டிக் குழியில போட்டிருக்கலாமில்ல?"

"நீங்கதானுங்க வேண்டாம்னு சொன்னீங்க."

"நாஞ் சொன்னா? நான் கரண்டுக்குப் படிச்சவனா? செடி போயிருமேன்னு எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன். உசுரு போயிரும்னு உனக்குத் தெரிஞ்சத நீயில்ல சொல்லோணும்! எங்கூட்டுக்காரி ஞாயித்துக்கெழமையானா போர்வை அலசி இதுலதான் போடலாம்னு பேசீட்டிருந்தா."

அவர் சொன்னது அத்தனையும் சரி. இந்தத் தொழிலில் என்னை இவ்வளவு சரியாகக் கேள்வி கேட்டவர் இன்னொருவர் இல்லை. வாடிக்கையாளர் வேண்டாம் என்றார் என்பதை ஒரு காரணமாக அதற்குப் பிறகு நான் எந்தத் தாளிலும் எழுதியதில்லை.

கோபம் தீர்ந்ததும் தோட்டத்துப் பக்கம் திரும்பி வீட்டம்மாவைக் கூப்பிட்டார். "ஆசாரத்துல இருக்கற கட்டிலத் தூக்கி உள்ள போடு. இந்தப் புள்ளைங்க மெசின அங்க போட்டுத் தைக்கட்டும்." ஆசாரம் என்பது வீட்டின் முன்கூடம். ஷெட்டுக்கான மீட்டர் அந்தச் சுவருக்கு வெளியில்தான் இருந்தது. தோட்டத்து லைனைக் கழற்றிவிட்டு, மீட்டருக்குக் கீழேயே ஒரு தற்காலிக போர்டு போட்டேன். இந்த முறை ஈ.எல்.சி.பி. இல்லாமல் தரமாட்டேன் என்றேன். அது அடிக்கடி விழலாம் என்றும் எஸ்தர் அக்காவிடம் சொன்னேன்.

"விழட்டும். மெஷின் நின்னா எந்திரிச்சுப் போய்ப் போட்டுக்கிடுதேன். நான் விழுந்தா எவ வந்து போடுவா?"

ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெஷின்களைத் தூக்கிப்போனோம். அஞ்சு மாதக்காரியை எதையும் தூக்கவிடாமல், நூல்கண்டுகளை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஆறு மணிக்குள் அந்த ஆசாரத்தில் ஓவர்லாக் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. சுவரில் மாட்டியிருந்த பழனிச்சாமியின் கல்யாணப் படம் அதிர்ந்துகொண்டே இருந்ததால், வீட்டம்மா அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து தைப்பதை வேடிக்கை பார்த்தார். "எங்கூட்ல இத்தன பேச்சுச் சத்தம் கேட்டு எத்தன நாளாச்சு" என்றார். அவர்கள் டெலிவரி நாள் தவறவில்லை.

மறுநாள் காலையில் புதிய கேபிளோடு நாங்கள் போனபோது மல்லிகைப் பாத்தியில் குழி பாதி வெட்டியாகிவிட்டது. பழனிச்சாமி மம்பட்டியோடு உள்ளே நின்றார். பிடுங்கிய செடிகளை வேர்மண் உதிராமல் ஓரமாக ஈரச்சாக்கில் வரிசையாக வைத்திருந்தார். எவ்வளவு ஆழம் வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். "பத்தாது போல இருக்குதே, இன்னொரு சாண் போலாமா?" என்றார். போகலாம் என்றேன். வெட்டினார்.

இரும்புக்கம்பியை இறக்கிச் சுருட்டி வண்டியில் போட்டேன். அது இருந்த இடத்தில் துணிக்கென்று இரண்டு தென்னைக்கு நடுவில் நைலான் கயிறு கட்டினோம். என் பட்டியலில் இல்லாமல் நான் செய்த முதல் வேலை அது.

மூன்றாம் நாள் மெஷின்கள் ஷெட்டுக்குத் திரும்பின. சோதனையெல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது. பதினான்கு டிக்கும் போட்டு, எஸ்தர் அக்காவிடம் படிவத்தை நீட்டினேன். இந்தத் தடவை அவர் தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார். புரியாததைக் கேட்டார். நான் சொன்னேன். பதினான்கும் முடிய அரை மணி நேரமானது. முடிந்ததும் தாளை மடித்து மெஷின் மேல் வைத்துவிட்டார்.

"கையெழுத்து சாயங்காலம் போடுதேன்" என்றார்.

நாலு மணி வரை இருந்தேன். டீ குடித்தோம். துணிகள் அலசியாயிற்று. நான்கு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. கயிற்றருகில், குழாயில், தகரச் சுவரில், எங்கெல்லாம் ஈரக்கை படுமோ அங்கெல்லாம் மீட்டர் வைத்து அளந்து அவருக்குக் காட்டினேன். அவர் எண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு ஈர டி-ஷர்ட் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மொதத் துணிய நீங்க போடுங்க."

வாங்கிக்கொண்டு கயிற்றுப் பக்கம் நடந்தேன்.

"பூட்ஸக் கழத்திட்டு."

கழற்றினேன். சாக்ஸையும் கழற்றினேன். உள்ளே தைத்துக்கொண்டிருந்த மூன்று பேரும் மெஷினை நிறுத்தாமலே எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். குழாயடி மண் சில்லென்று இருந்தது. ஒரு கையால் தகரச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் துணியைக் கயிற்றில் போட்டேன். ஒன்றும் இல்லை. இன்னொன்றை எடுத்துப் போட்டேன். அவரும் செருப்பில்லாத காலோடு வந்து என் பக்கத்தில் நின்று, தானும் சுவரில் கைவைத்து மிச்சத்தைப் போட்டார். கூடையில் கடைசியாக ஒரு சட்டை இருந்தது. அதை எடுக்காமல் உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏட்டி, இனி நீயும் வந்து போடலாம்."

அஞ்சு மாதக்காரி எழுந்து வந்து, அந்தச் சட்டையை உதறிப் போட்டுவிட்டுப் போனாள்.

பிறகு எஸ்தர் அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் பேனாவை வாங்கினார். பதினான்காவது வரிக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில், நின்றுகொண்டே, ஷெட் சுவரில் தாளை வைத்து எழுதினார். சுவரின் நெளிவில் எழுத்துகள் சாய்ந்தன. எழுதி முடித்து, அதற்கும் ஒரு டிக் அடித்து, அதற்கு அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.